பூமி சுழல்வதால்தான் காற்று வீசுகிறதா?

நவம்பர் பிறந்து வங்கக் கடலில் ஒரு புயல் சின்னம் தெரிந்துவிட்டால் போதும், வாட்ஸப் குழுக்களில் வானிலை விளக்கங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். "பூமி சுத்துற வேகத்துலதான் காத்து அடிக்குது" என்பார் ஒருவர். "மேகம் நகரலை, நாமதான் பூமியோட சேர்ந்து நகர்றோம்" என்பார் இன்னொருவர். "ஆஸ்திரேலியாவுல வாஷ்பேசின் தண்ணி எதிர்ப்பக்கமா சுத்தும், தெரியுமா?" என்று மூன்றாமவர் ஒரு வீடியோவை அனுப்பி வைப்பார். இவர்கள் எல்லோருமே பூமியின் சுழற்சியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்தச் சுழற்சி காற்றை என்ன செய்கிறது என்பது மட்டும் மூன்றிலும் தவறிப்போகிறது.

பூமியின் சுழற்சி காற்றைக் கிளப்புவதில்லை. வேறொரு காரணத்தால் ஏற்கெனவே கிளம்பிவிட்ட காற்றின் பாதையை அது வளைக்கிறது. கேட்க இது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம், ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று ஏன் தென்மேற்கிலிருந்து வருகிறது, புயல் ஏன் சுழல்கிறது, சிங்கப்பூருக்கு ஏன் புயல் பயம் இல்லை என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த வளைவில்தான் இருக்கிறது. அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காற்றும் நம்மோடு சேர்ந்தே சுற்றுகிறது

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. பூமத்திய ரேகையில் நிற்பவர் மணிக்கு ஏறக்குறைய 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். சென்னையில் அது சுமார் 1,630. டெல்லியில் 1,470 அளவு. துருவத்தில் பூஜ்யம். வடக்கே போகப் போகப் பூமியின் சுற்றளவு சுருங்கிக்கொண்டே வருகிறது, ஆனால் ஒரு சுற்று முடிக்க எல்லோருக்கும் அதே ஒரு நாள்தான், அதனால்தான் இந்த வேறுபாடு. இந்த எண்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

"அப்படியானால் ஹெலிகாப்டரில் ஏறி ஒரு மணி நேரம் அந்தரத்தில் நின்றால், கீழே பூமி நகர்ந்து போய் வேறு ஊர் வந்துவிடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அப்படி நடக்குமானால் சென்னையில் மேலே ஏறியவர் ஒரு மணி நேரத்தில் அரபிக் கடலுக்கு மேல் இருப்பார். நடக்காததற்குக் காரணம், தரையில் நிற்கும்போதே அந்த ஹெலிகாப்டரும் 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டுதான் இருந்தது. மேலே எழும்பியதும் அந்த வேகம் காணாமல் போய்விடாது. அதைச் சுற்றியுள்ள காற்றும் அதே வேகத்தில் கூடவே வருகிறது.

காற்று மட்டும் பூமியோடு சேர்ந்து சுற்றாமல் ஒரே இடத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கிழக்கிலிருந்து மணிக்கு 1,630 கி.மீ. வேகத்தில் காற்று ஓயாமல் நம் முகத்தில் அறைந்துகொண்டிருக்கும். மரம், வீடு, மலை மேல் இருக்கும் மண் எதுவும் மிஞ்சாது. ஆகவே நாம் 'காற்று' என்று உணர்வது பூமியின் சுழற்சி வேகத்தை அல்ல. சுழலும் பூமியோடு ஒப்பிடும்போது காற்று எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது, விலகுகிறது என்ற அந்தச் சிறு வித்தியாசத்தைத்தான் உணர்கிறோம்.

விமானப் பயணத்தில் இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. பூமி மட்டும் கீழே தனியாகச் சுழல்கிறது என்றால் மேற்கே போகும் விமானம்தான் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் சேர வேண்டிய ஊர் எதிரே வந்துகொண்டிருக்கும். நியூயார்க் – லண்டன் பாதையில் நடப்பது நேர்மாறு, கிழக்கே போகும் பயணம்தான் குறைந்த நேரம் பிடிக்கிறது. அந்தப் பகுதியில் பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான காற்று ஆறு போல ஓடுகிறது. இப்படிப்பட்ட குறுகலான, மிக வேகமான உயரக் காற்றோட்டத்துக்கு ஜெட் காற்று என்று பெயர். 2020 பிப்ரவரியில் அது வழக்கத்தைவிடப் பலமாக வீசியபோது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு பயணிகள் விமானம் 5 மணி நேரத்துக்கும் குறைவாக லண்டனில் இறங்கியது.

அப்படியானால் காற்றைக் கிளப்புவது எது?

வெப்பம். நம் தலைக்கு மேலே வானம் வரை நிற்கும் காற்றுக்கும் எடை உண்டு, அந்த எடை கீழே கொடுக்கும் அழுத்தம்தான் காற்றழுத்தம். கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தின் மீது சுமார் ஒரு கிலோ காற்று உட்கார்ந்திருக்கிறது. ஓரிடம் சூடானால் அங்குள்ள காற்று விரிந்து, லேசாகி, மேலே எழுகிறது. அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. பக்கத்தில் அழுத்தம் கூடுதலாக இருக்கும் இடத்திலிருந்து காற்று அங்கே ஓடி வருகிறது. அந்த ஓட்டம்தான் காற்று வீசுவது.

மே மாதச் சென்னைவாசிகளுக்கு இது தோலில் தெரிந்த விஷயம். காலையிலிருந்து தரை காய்கிறது, கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாவதில்லை. மதியம் ஆனதும் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது, வெயில் சட்டென்று ஓரிரு டிகிரி இறங்குகிறது. சில நாட்களில் மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருந்து இந்தக் கடல் காற்றை உள்ளே விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அன்றைக்குத்தான் நகரம் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்.

இதையே பூமி அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பூமத்திய ரேகைப் பக்கம் சூரியன் நேராக அடிக்கிறது, அங்கே காற்று எழுந்து மேலே இரு பக்கமும் பரவி, வடக்கிலும் தெற்கிலும் 30 டிகிரி அட்சரேகையை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் கட்டாது. சகாராவும் தார் பாலைவனமும் ஏறக்குறைய அந்தப் பட்டையில் இருப்பது தற்செயல் இல்லை. இறங்கிய காற்றில் ஒரு பகுதி தரையை ஒட்டிப் பூமத்திய ரேகைக்கே திரும்பி வருகிறது, அதுதான் வியாபாரக் காற்று.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: காற்று மண்டலம் பூமியோடு சேர்ந்து சுற்றுகிறது, வெப்பம் அழுத்த வேறுபாட்டை உண்டாக்குகிறது, அந்த வேறுபாடு காற்றைத் தள்ளுகிறது. சுழற்சி இன்னும் கதைக்குள் வரவே இல்லை. வடக்கே இருந்து பூமத்திய ரேகைக்குத் திரும்பும் காற்று நேராகத் தெற்கு நோக்கி வர வேண்டும், ஆனால் வடகிழக்கிலிருந்து சாய்ந்து வருகிறது. ஏன் என்று கேட்கும்போதுதான் சுழற்சி உள்ளே வருகிறது.

குடை ராட்டினத்தில் ஒரு பந்து

திருவிழாவில் பார்த்திருப்பீர்கள், குதிரைகள் கட்டிச் சுற்றும் குடை ராட்டினம். அது இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள், உங்கள் தம்பி விளிம்பில் ஒரு குதிரை மேல் இருக்கிறான். அவனை நேராகக் குறி பார்த்துப் பந்தை எறிகிறீர்கள். பந்து விளிம்பைத் தொடுவதற்குள் தம்பி இடப்பக்கமாக நகர்ந்துவிட்டான். உங்கள் பார்வையில் பந்து அவனுக்கு வலப்பக்கம் போய் விழுகிறது. கீழே டிக்கெட் கொடுப்பவரைக் கேட்டால் பந்து நேர்க்கோட்டில்தான் போனது என்பார், அவர் சொல்வது சரி. ராட்டினத்தில் நிற்கும் உங்களுக்கோ அது வலப்பக்கம் வளைந்து போனது போலத் தெரிகிறது, உங்கள் கண்ணும் பொய் சொல்லவில்லை. பந்தை யாரும் இழுக்கவில்லை. நீங்கள் நின்று பார்க்கும் தளம் திரும்பிவிட்டது.

வட துருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் பூமியும் இடஞ்சுழியாகத்தான் சுற்றுகிறது. ஆகவே வட அரைக்கோளத்தில் நகரும் எதுவும் அது போகும் திசைக்கு வலப்பக்கம் விலகுகிறது. தென் துருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் அதே பூமி வலஞ்சுழியாகச் சுற்றும், அதனால் அங்கே இடப்பக்கம். இப்படிச் சுழலும் தளத்தின் மீது நகரும் பொருளின் பாதை விலகித் தெரிவதுதான் கொரியாலிஸ் விளைவு. இந்தப் பெயர் பிரெஞ்சுப் பொறியாளர் கொரியாலிஸிடமிருந்து வந்தது. 1835இல் அவர் இதற்குக் கணக்கு எழுதியபோது அவர் யோசித்தது சுழலும் இயந்திரங்களைப் பற்றி, வானிலையைப் பற்றி அல்ல. அதற்குச் சரியாக நூறு வருடம் முன்பே, 1735இல், ஜார்ஜ் ஹாட்லி என்ற ஆங்கிலேயர் வியாபாரக் காற்று சாய்ந்து வருவதற்குப் பூமியின் சுழற்சியே காரணம் என்று எழுதிவிட்டார்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன வேகங்களை இப்போது எடுங்கள். டெல்லிப் பக்கமிருந்து தெற்கே கிளம்பும் காற்றிடம் கிழக்கு நோக்கிய வேகம் 1,470 அளவுதான் இருக்கிறது. அது சென்னை வரும்போது கீழே தரை 1,630இல் ஓடுகிறது. காற்று பின்தங்குகிறது, அதாவது மேற்கே ஒதுங்குகிறது. தெற்கு நோக்கிப் போகிறவருக்கு மேற்கு வலப்பக்கம். சென்னையிலிருந்து வடக்கே போகும் காற்றுக்கு நேர்மாறு: தரையைவிட அதிக வேகத்தோடு போவதால் முந்திக்கொண்டு கிழக்கே விலகும், வடக்கு நோக்கிப் போகிறவருக்குக் கிழக்கும் வலப்பக்கம்தான். கிழக்கு மேற்காகப் போகும் காற்றும் இதே போல வலப்பக்கம் விலகும், அதன் கணக்கு வேறு வழியில் போனாலும் விடை ஒன்றுதான்.

பூமத்திய ரேகையில் நிற்பவரின் காலடித் தரை முன்னோக்கி ஓடுகிறதே தவிர, ராட்டினத் தட்டு போல அவரைச் சுற்றித் திரும்புவதில்லை. அதனால் அங்கே இந்த விலகல் இல்லை. துருவத்தில் முழுதாக இருக்கிறது. சென்னையில் துருவத்தில் இருப்பதில் கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு.

வாஷ்பேசினில் ஏன் வேலை செய்யாது?

எவ்வளவு விலகும் என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சென்னையின் அட்சரேகையில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேறெந்த விசையும் குறுக்கிடவில்லை என்றால், ஒரு மணி நேரத்தில் 36 கி.மீ. போன அந்தக் காற்று 2 கி.மீ. மட்டுமே வலப்பக்கம் விலகியிருக்கும். ஆறு மணி நேரத்தில் விலகல் சுமார் 75 கி.மீ. ஆகிவிடும். ஒரு நாள் விட்டால் கிளம்பிய திசையே மறந்துபோகும் அளவுக்குத் திரும்பிவிடும். ஆக, தூரமும் நேரமும் கிடைத்தால்தான் இந்த விளைவு தலைகாட்டும்.

வாஷ்பேசினில் தண்ணீர் பத்து வினாடியில் வடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் வரும் விலகல் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. குழாயிலிருந்து தண்ணீர் விழுந்த கோணம், தொட்டியின் வடிவம், நீங்கள் கை கழுவியபோது உண்டான அசைவு எல்லாம் அதைவிடப் பல மடங்கு பெரியவை, தண்ணீர் எப்பக்கம் சுற்ற வேண்டும் என்று அவைதான் முடிவு செய்கின்றன. பூமத்திய ரேகைக் கோட்டின் இரு பக்கமும் பேசினை வைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் வித்தை, தண்ணீரை ஊற்றும் விதத்தில் இருக்கிறது.

விளைவே இல்லை என்று சொல்லவில்லை. 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆஷர் ஷாபிரோ என்ற பேராசிரியர் ஏறக்குறைய 1.8 மீட்டர் அகலமுள்ள வட்டத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் முழுக்க அசையாமல் விட்டு, நடுவிலிருந்த சின்னத் துளையை மெதுவாகத் திறந்தார். முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தண்ணீர் இடஞ்சுழியாகச் சுற்றத் தொடங்கியது. அவ்வளவு பொறுமையாகக் கேட்டால்தான் தொட்டியில் பூமி பதில் சொல்லும்.

சுருக்கமாக: விலகல் உண்மை, ஆனால் மிக மெல்லியது. நூற்றுக்கணக்கான கி.மீ. தூரமும் பல மணி நேரமும் ஓடும் காற்றுக்கு அது பெரிய விஷயம், பேசினுக்கு இல்லை.

ஒரே வானத்தில் எதிரெதிராகப் போகும் மேகங்கள்

காற்றை அது எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயரால் அழைக்கிறோம். ஜூன் மாதத்தில் நம் பக்கம் வரும் தென்மேற்குக் காற்று உண்மையில் தெற்கு அரைக்கோளத்தில் பிறந்தது. கோடையில் ஆசிய நிலப்பரப்பு காய்ந்து அழுத்தம் குறைய, தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து காற்று வடக்கே கிளம்புகிறது. அங்கே விலகல் இடப்பக்கம், ஆகவே அது வடமேற்கு நோக்கிச் சாய்ந்து, தென்கிழக்குக் காற்றாக வருகிறது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிப் பூமத்திய ரேகையைத் தாண்டியதும் விலகல் வலப்பக்கமாக மாறுகிறது. காற்று வடக்காகவும் பின் வடகிழக்காகவும் வளைந்து, அரபிக் கடல் முழுக்க ஈரத்தை அள்ளிக்கொண்டு கேரளக் கரையில் மோதுகிறது. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதும் இதே ஓட்டம்தான். அக்டோபருக்குப் பிறகு ஆசியா குளிர்ந்து காற்று தெற்கே கிளம்பும்போது, வலப்பக்கம் விலகி வடகிழக்குக் காற்றாகிறது, வங்கக் கடலின் ஈரத்தோடு நமக்கு மழை கொண்டுவருகிறது.

சரி, மேகம்? மேகம் என்பது மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளும் பனித்துகள்களும்தான். அதற்கென்று சொந்தப் பயணம் கிடையாது, அந்த உயரத்தில் காற்று எப்படிப் போகிறதோ அப்படிப் போகும். (மலை உச்சியில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் மேகம் மட்டும் விதிவிலக்கு போலத் தெரியும். காற்று ஏறும் பக்கம் துளிகள் உண்டாகி, இறங்கும் பக்கம் மறைந்துகொண்டே இருப்பதால் மேகம் நிற்கிறது, காற்று அதற்குள் புகுந்து போய்க்கொண்டே இருக்கிறது.)

"மேகம் நகரவில்லை, பூமிதான் நகர்கிறது" என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல ஜூலை, ஆகஸ்டில் தமிழ்நாட்டு வானத்தைப் பார்த்தாலே போதும். தாழ்வான மேகக் கூட்டங்கள் மேற்கிலிருந்து கிழக்கே போகும். அவற்றின் இடைவெளியில், மிக உயரத்தில், பஞ்சைப் பிரித்தது போன்ற மெல்லிய மேகங்கள் தெரிந்தால் கொஞ்ச நேரம் ஒரு கட்டட விளிம்பையோ மின்கம்பத்தையோ அடையாளம் வைத்துக் கவனியுங்கள். அவை கிழக்கிலிருந்து மேற்கே நகரும். பூமியின் சுழற்சிதான் மேகத்தை நகர்த்திக் காட்டுகிறது என்றால் இரண்டும் ஒரே திசையில் அல்லவா போக வேண்டும்?

அந்த உயர மேகங்களை இழுத்துப் போவது வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று. ஏறக்குறைய 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டி வீசும் இதை 1950களில் ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி.கோட்டீஸ்வரம். பிற்பாடு இந்திய வானிலைத் துறைக்கே தலைவராக இருந்தவர். கோடையில் சூடாகும் திபெத்திய பீடபூமிக்கு மேலே, உயரத்தில் அழுத்தம் கூடுகிறது. அங்கிருந்து தெற்கே வழியும் காற்று வலப்பக்கம் வளைந்து மேற்கு நோக்கி ஓடுகிறது. தரையில் நடப்பதற்கும் உயரத்தில் நடப்பதற்கும் விதி ஒன்றே, அழுத்தம் மட்டும் வேறு.

புயல் ஏன் சுழல்கிறது?

இப்போது புயலுக்கு வருவோம். கடலில் ஓரிடத்தில் அழுத்தம் குறைகிறது, வானொலியில் கேட்கும் 'காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி' அதுதான். நான்கு பக்கமிருந்தும் காற்று அதை நோக்கிக் கிளம்புகிறது. பூமி சுழலாவிட்டால் நேராக உள்ளே போய்ப் பள்ளத்தை நிரப்பிவிடும், கதை முடிந்தது. ஆனால் ஒவ்வொரு ஓட்டமும் தன் வலப்பக்கம் விலகுவதால் மையத்தைத் தவறவிட்டு அதன் ஓரமாகப் போகிறது. மையம் உள்ளே இழுக்கிறது, விலகல் வெளியே தள்ளுகிறது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிய காற்று மையத்தைத் தன் இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கிறது. வலப்பக்கம் விலகும் காற்று இடஞ்சுழியாகச் சுற்றுவது எப்படி என்று பலருக்கும் வரும் சந்தேகத்துக்கு இதுதான் விடை. தரையையும் கடலையும் ஒட்டிய காற்று உராய்வால் வேகம் குறைவதால், அதன் விலகலும் குறைந்து, சுற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நுழைகிறது. வட்டம் சுருங்கச் சுருங்கச் சுற்றும் வேகம் ஏறுகிறது. உள்ளே சேர்ந்த ஈரக்காற்று மேலே எழுந்து மேகமாகும்போது வெளிவிடும் வெப்பம் புயலுக்குத் தீனி.

ஆகவே புயலின் சக்தி கடலின் வெப்பத்திலிருந்து வருகிறது, சுழலும் வடிவம் மட்டும் பூமியின் சுழற்சியிலிருந்து. விலகல் இல்லாத பூமத்திய ரேகையை ஒட்டி, சுமார் 5 டிகிரிக்குள், புயல் உருவாவது மிக அரிது. 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் 1.5 டிகிரி அளவிலேயே வாமெய் என்ற புயல் உருவானதை வானிலை அறிஞர்கள் இன்னும் வியப்போடு பேசுகிறார்கள்.

காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் புயல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், வட அரைக்கோளத்தில் தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம். நெதர்லாந்தைச் சேர்ந்த பைஸ் பாலட் 1857இல் சொன்ன விதி இது. வங்கக் கடலில் கிழக்கே புயல் நிற்கும்போது நம் கரையில் வடக்கிலிருந்து காற்று அடிப்பதை இதோடு பொருத்திப் பாருங்கள், சரியாக இருக்கும்.

புயல் மேற்காக நகர்ந்து கரையைக் கடக்கும்போது, கடக்கும் இடத்துக்கு வடக்கே கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று அடிக்கிறது, கடல் நீர் ஊருக்குள் ஏறும் ஆபத்து அந்தப் பக்கம்தான் அதிகம். தெற்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கடல் உள்வாங்குவதும் உண்டு. புயல் தங்கள் ஊருக்குத் தெற்கே கடக்கிறது என்று கேட்டு நிம்மதியாகும் கடலோர ஊர்க்காரர்கள் இதை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

புயலின் நடுவே காற்று ஓய்ந்திருக்கும் வட்டம், அதாவது புயலின் கண், தலைக்கு மேல் வந்தால் என்ன ஆகும் என்பதை 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது பலரும் பார்த்தார்கள். முதலில் வடக்குப் பக்கமிருந்து காற்று மரங்களைச் சாய்த்தது. பிறகு சற்று நேரம் அடங்கியது. அப்புறம் தெற்குப் பக்கமிருந்து மறுபடி அடித்தது. சுழலும் வட்டத்தின் முன்பாதி போனது, பின்பாதி வந்தது, அதனால் திசை தலைகீழாக மாறியது. ஒரு பக்கக் காற்றைத் தாங்கி நின்ற மரமும் கூரையும் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் இரண்டாவது அடியில் போய்விடக்கூடும். காற்று திடீரென்று நின்றுவிட்டது என்று சாய்ந்த மரத்தை அகற்றவும் வண்டியை எடுத்து வைக்கவும் தெருவில் இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது அப்போதுதான். வானிலை ஆய்வு மையம் புயல் முழுமையாகக் கடந்துவிட்டது என்று அறிவிக்கும் வரை உள்ளேயே இருங்கள்.